மேட்பிளாட்லிப் வரைபடம் ஏன் தாமதமாகிறது: பேக்எண்டை மாற்றும் முன் அளந்து பார்க்கும் முறை

பைத்தானில் வரைபடங்களை வரையும் லைப்ரரியான மேட்பிளாட்லிப்பில் வரைந்த படம் திரைக்கு வரச் சில வினாடிகள் பிடித்தாலோ, பெரிதாக்கிப் பார்க்கும்போது படம் திணறித் திணறி நகர்ந்தாலோ, பெரும்பாலோர் முதலில் கைவைப்பது, படத்தைத் திரைக்குக் கொண்டு வரும் பகுதியான பேக்எண்டில்தான். டிகே ஏஜிஜி என்ற பேக்எண்ட் மெதுவாக இருக்கிறது என்று க்யூடி ஏஜிஜி என்ற இன்னொன்றுக்கு மாறுகிறார்கள்; அங்கும் அதே வேகத்தைக் கண்டு, இந்த லைப்ரரியே இப்படித்தான் என்று விட்டுவிடுகிறார்கள். இரண்டிலும் கோடுகளைப் பிக்சல்களாக மாற்றும் இயந்திரம் ஒன்றேதான் என்பதால் இந்த மாற்றத்தால் பெரும்பாலும் பயன் கிடைப்பதில்லை. பேக்எண்டை மாற்றுவது கடைசியில் எடுக்கவேண்டிய முடிவு. அதற்கு முன், நேரம் எந்தக் கட்டத்தில் கரைகிறது என்பதை அளந்துவிடவேண்டும்.

படம் கடந்து வரும் கட்டங்கள்

ஜான் ஹண்டர் உருவாக்கி 2003இல் முதன்முதலாக வெளிவந்த மேட்பிளாட்லிப், வரையும் வேலையை அடுக்குகளாகப் பிரித்து வைத்திருக்கிறது. கோடு, எழுத்து, அச்சு, அச்சிலுள்ள அளவுக்குறி, லெஜண்ட் (எந்தக் கோடு எதைக் குறிக்கிறது என்று சொல்லும் பெட்டி) என்று படத்தில் தெரியும் ஒவ்வொன்றும் பைத்தானில் ஒரு பொருள். இவற்றைப் பொதுவாக ஆர்ட்டிஸ்ட் என்பார்கள். படத்தை வரையச் சொன்னதும் ஒவ்வொரு ஆர்ட்டிஸ்டும் தன்னிடமுள்ள தரவைத் திரையின் ஆயங்களுக்கு மாற்றுவதற்கான ஏற்பாட்டைச் செய்துகொண்டு, ரெண்டரர் என்ற இன்னொரு பொருளிடம் இந்தப் பாதையை வரை, இந்த எழுத்தை இங்கே வை என்று கட்டளை கொடுக்கிறது. பெரும்பாலும் பைத்தானிலேயே நடக்கும் இந்த வேலை முதல் கட்டம். ரெண்டரர் அந்தப் பாதைகளைப் பிக்சல்களாக நிரப்புவது இரண்டாம் கட்டம். மாக்சிம் ஷெமனாரெவ் எழுதிய ஆன்டி-கிரெய்ன் ஜியோமெட்ரி என்ற சி++ லைப்ரரி இதைச் செய்கிறது. ஏஜிஜி என்பது அதன் சுருக்கப் பெயர். நிரப்பிய பிக்சல்களைச் சன்னலுக்கோ உலாவிக்கோ கொண்டு சேர்ப்பது மூன்றாம் கட்டம். க்யூடி ஏஜிஜி, டிகே ஏஜிஜி, ஜிடிகே ஏஜிஜி, மேக்ஓஎஸ் ஆகிய பேக்எண்டுகள் ஒன்றிலிருந்து ஒன்று வேறுபடுவது இந்த மூன்றாம் கட்டத்தில் மட்டுமே.

ஏஜிஜி முழுக்க முழுக்க மையச் செயலியில் ஓடுகிறது. கிராஃபிக்ஸ் கார்டை அது தொடுவதே இல்லை. ஆகவே புதிய கார்டு வாங்கிப் பொருத்தினாலும் இரண்டாம் கட்டத்தில் ஒரு மில்லிவினாடிகூடக் குறையாது. படத்தில் எதை மாற்றினாலும், தலைப்பில் ஓர் எழுத்தைத் திருத்தினாலும்கூட, முழுப் படமும் முதலிலிருந்து மறுபடி வரையப்படுகிறது என்பதையும் சேர்த்து நினைவில் வைக்கவேண்டும். பின்னால் வரும் பல சிக்கல்களுக்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

அளக்கும் முன் செய்யவேண்டியவை

முதலில், உண்மையில் எந்தப் பேக்எண்ட் ஓடுகிறது என்பதை ‘கெட்_பேக்எண்ட்’ செயற்கூறைக் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். சூழல் மாறியிலோ அமைப்புக் கோப்பிலோ யாரோ என்றோ எழுதி வைத்த பெயர், நாம் நினைத்திருப்பதற்கு மாறாக இருப்பது வியப்பில்லை. லைப்ரரியின் பதிப்பு எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, தரவைப் படிப்பதையும் படம் வரைவதையும் தனித்தனியே அளந்துவிடுங்கள். வரைபடம் மெதுவாக வருகிறது என்று வரும் புகார்களில் சிலவற்றுக்குக் காரணம் பெரிய சிஎஸ்வி கோப்பைப் படிப்பதுதான். அதற்கும் ரெண்டரருக்கும் தொடர்பே இல்லை. ‘ஷோ’ செயற்கூறைச் சுற்றிக் கடிகாரம் வைப்பதும் பயனற்றது. சன்னல் மூடப்படும்வரை அது திரும்பி வராது என்பதால், நீங்கள் எவ்வளவு நேரம் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள் என்பதைத்தான் அது அளக்கும்.

முதல் முறை வரைவதைக் கணக்கில் சேர்க்கவேண்டாம். எழுத்துரு கோப்புகளைத் திறப்பது, தேவையான தொகுதிகளை ஏற்றுவது போன்ற ஒருமுறைச் செலவுகள் அதில் கலந்திருக்கும். மேட்பிளாட்லிப்பை நிறுவியபின் முதன்முறை ஓட்டும்போது கணினியிலுள்ள எழுத்துருக்களின் பட்டியலைத் தயாரித்து ஒரு கோப்பில் சேமித்துக்கொள்ளும்; அதற்கே கணிசமான நேரம் பிடிக்கலாம். ஒவ்வொரு முறையும் அந்தப் பட்டியல் புதிதாகத் தயாராகிறது என்றால், சேமிக்கும் கோப்புறையில் எழுதும் உரிமை இல்லை என்றோ, ஓட்டம் முடிந்ததும் கோப்புறையே அழிந்துவிடுகிறது என்றோ பொருள். கன்டெய்னர்களில் இது அடிக்கடி நடக்கும். ‘எம்பிஎல்கான்ஃபிக்டிர்’ சூழல் மாறியில் நிலையான ஓர் இடத்தைக் காட்டினால் தீர்ந்துவிடும்.

மூன்று அளவுகள்

பைத்தானின் ‘பெர்ஃப்_கவுண்டர்’ கடிகாரம் போதும். ஒரு முறை வெறுமனே வரைந்துவிட்டு, பிறகு பத்து முறை வரைந்து நடு மதிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அளக்கவேண்டிய நேரங்கள் மூன்று.

முதலாவது, முழுப் படத்தையும் குறிக்கும் ஃபிகர் பொருளின் ‘டிரா_வித்அவுட்_ரெண்டரிங்’ செயற்கூறுக்கு ஆகும் நேரம். பதிப்பு 3.5 முதல் இது இருக்கிறது. ஆர்ட்டிஸ்டுகள் எல்லாம் வழக்கம்போலத் தம் வேலையைச் செய்யும், அளவுக்குறிகள் கணக்கிடப்படும், எழுத்துகளின் அகல உயரங்கள் அளக்கப்படும், ஆனால் ரெண்டரரின் வரையும் கட்டளைகள் மட்டும் ஒன்றும் செய்யாமல் திரும்பிவிடும். எழுத்துகளின் அளவை முன்கூட்டியே அறிவதற்காகச் சேர்க்கப்பட்ட இந்தச் செயற்கூறு, முதல் கட்டத்தைத் தனியே பிரித்து எடுக்கவும் கச்சிதமாகப் பொருந்துகிறது.

இரண்டாவது, ‘எம்பிஎல்பேக்எண்ட்’ சூழல் மாறியில் வெறும் ஏஜிஜி என்று கொடுத்து, அதே நிரலை ஓட்டி, படம் வரையப்படும் பரப்பான கேன்வாஸின் ‘டிரா’ செயற்கூறுக்கு ஆகும் நேரம். இதில் சன்னல் எதுவும் திறக்காது. பிக்சல்கள் நினைவகத்தில் நிரம்புவதோடு வேலை முடிகிறது. இதிலிருந்து முதல் அளவைக் கழித்தால் இரண்டாம் கட்டத்தின் செலவு தெரியும்.

மூன்றாவது, நீங்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் பேக்எண்டில் ‘டிரா’வை அழைத்து, அதைத் தொடர்ந்து ‘ஃப்ளஷ்_ஈவன்ட்ஸ்’ஸையும் அழைத்து, இரண்டுக்கும் சேர்த்து ஆகும் நேரம். க்யூடியில் ‘டிரா’ மட்டும் போதாது. பிக்சல்களை நிரப்பிவிட்டு, சன்னலைப் புதுப்பிக்கவேண்டும் என்று ஒரு குறிப்பை வைத்துவிட்டு அது திரும்பிவிடும். அந்தக் குறிப்பை நிகழ்வுச் சுழற்சி எடுத்துச் செயல்படுத்தும்போதுதான் படம் உண்மையில் திரைக்குப் போகிறது.

எடுத்துக்காட்டாக, மூன்று அளவுகளும் முறையே 0.1, 1.4, 1.5 வினாடி என்று வந்தால் குற்றவாளி பிக்சல் நிரப்பும் கட்டம். 1.3, 1.4, 1.5 என்று வந்தால் சிக்கல் பைத்தான் பக்கத்தில் இருக்கிறது. ரெண்டரரைக் குறைசொல்வதில் பொருளில்லை. 0.1, 0.2, 1.5 என்று வந்தால் மட்டுமே பேக்எண்டை மாற்றுவதைப் பற்றி யோசிக்கலாம்.

இந்தக் கழித்தல் கணக்கில் இரண்டு இடங்களில் ஏமாறக்கூடும். ‘இம்ஷோ’வில் வரும் படங்களைத் திரையின் அளவுக்குச் சுருக்கும் வேலை, ரெண்டரரிடம் போவதற்கு முன்பே நடந்துவிடுவதால், அதன் செலவு முதல் அளவில் ஏறும். இரண்டாவது, பிக்சல் விகிதம் 2 ஆக உள்ள அடர்த்தியான திரைகளில் அதே படத்துக்கு நான்கு மடங்கு பிக்சல்கள் தேவைப்படும். அதை நிரப்புவது ஏஜிஜியே என்றாலும், சன்னல் இல்லாத இரண்டாவது ஓட்டத்தில் அது தெரியாமல் மூன்றாவதில் மட்டும் தெரிந்து, பழி தவறாகச் சன்னலின் மேல் விழும். இரண்டாவது ஓட்டத்தில் ஃபிகரின் டிபிஐயை (ஓர் அங்குலத்துக்கான பிக்சல் எண்ணிக்கையை) இரட்டிப்பாக்கி அளந்தால் இது தெளிவாகிவிடும்.

முதல் அளவு பெரிதாக இருந்தால்

தரவு எதுவும் இல்லாத வெற்றுப் படமே மெதுவாக வருகிறதா என்று முதலில் பாருங்கள். நூறு சிறு வரைபடங்களை 10-க்கு-10 கட்டமாக அடுக்கினால், ஒரு புள்ளி வரையாமலேயே நேரம் பிடிக்கும். ஒவ்வொன்றிலும் இரண்டு அச்சுகள், ஒவ்வோர் அச்சிலும் அரை டஜன் அளவுக்குறிகள், ஒவ்வொரு குறிக்கும் ஒரு லேபிள் என்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட எழுத்துப் பொருள்களைப் பைத்தான் ஒவ்வொன்றாகத் தொட்டுச் செல்லவேண்டியிருக்கிறது. அச்சுகளை ‘செட்_ஆக்ஸிஸ்_ஆஃப்’ மூலம் மறைத்ததும் வேகம் கூடினால் காரணம் இதுதான். அச்சுகளைப் பகிரவிட்டு உள்பக்க லேபிள்களை நீக்கிவிடலாம்.

அளவுக்குறிகளில் இன்னொரு பொறி இருக்கிறது. நான் கண்டவற்றில் மிகுதியாக நேரத்தை விழுங்குவது இதுதான். கோப்பிலிருந்து வந்த நெடுவரிசை, எண்ணாக இல்லாமல் சரமாக, அதாவது வெறும் எழுத்துத் தொடராக, வந்திருக்கும். தொகைகளை ‘1,25,000’ என்று காற்புள்ளி இட்டு எழுதிய சிஎஸ்வியைத் தரவு லைப்ரரியான பாண்டாஸ் அப்படியே படித்தால் இதுவே நேரும். மேட்பிளாட்லிப் சரங்களை வகைப் பெயர்களாக எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு தனிச் சரத்துக்கும் ஓர் அளவுக்குறியும் ஒரு லேபிளும் வைத்துவிடும். ஐயாயிரம் வெவ்வேறு மதிப்புகள் இருந்தால் ஐயாயிரம் லேபிள்கள். படத்தைப் பார்த்த மாத்திரத்தில் இதைக் கண்டுபிடித்துவிடலாம்: அச்சின் ஓரத்தில் எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கரிக்கோடு போலத் திரண்டிருக்கும், மதிப்புகளும் சிறிதிலிருந்து பெரிதாக அமையாமல் கோப்பில் வந்த வரிசையிலேயே நிற்கும். சரங்கள் எல்லாம் எண்ணாகவோ தேதியாகவோ படிக்கத்தக்கவை என்று தெரிந்தால் லைப்ரரி ஒரு பதிவு எழுதுகிறது. ஆனால் அது தகவல் நிலைப் பதிவு என்பதால் இயல்பு அமைப்பில் கண்ணில் படாது. நெடுவரிசையின் தரவு வகையைப் பாருங்கள். எண் வகைக்குப் பதில் ‘ஆப்ஜெக்ட்’ என்றோ ‘எஸ்டிஆர்’ என்றோ இருந்தால், கோப்பைப் படிக்கும்போதே ‘தௌசண்ட்ஸ்’ அளவுருவில் காற்புள்ளியைக் குறிப்பிட்டு எண்ணாக மாற்றிக்கொள்ளுங்கள்.

ஓராண்டுத் தரவுக்கு நிமிடக் குறிகளைக் கேட்பதும் இதே வகைத் தவறுதான். அங்கே குறிகளின் எண்ணிக்கை 1000ஐத் தாண்டும்போது எச்சரிக்கையாவது வரும்.

லெஜண்டின் இடத்தை நாம் சொல்லாவிட்டால், வரைபடத்துக்குள் வரும் லெஜண்ட் ‘பெஸ்ட்’ என்ற இயல்பு முறையை எடுத்துக்கொள்ளும். அதாவது, எந்த மூலையில் வைத்தால் மிகக் குறைந்த புள்ளிகளை மறைக்கும் என்று தரவைச் சோதித்துப் பார்த்து இடம் தேடும். அதையும் ஒவ்வொரு முறை வரையும்போதும் செய்யும். தரவு பெரிதாக இருந்தால் ‘அப்பர் ரைட்’ என்பதுபோல் ஓர் இடத்தை எழுதிவிடுவது ஒரே வரி வேலை.

ஃபிகரை உருவாக்கும்போது லேஅவுட்டாக ‘கன்ஸ்ட்ரெய்ண்ட்’ என்றோ ‘டைட்’ என்றோ கொடுத்திருந்தால், இடைவெளிக் கணக்கும் ஒவ்வொரு வரைதலிலும் மறுபடி ஓடுகிறது. அசையாத படத்துக்கு இது பொருட்டல்ல. நொடிக்குப் பலமுறை புதுப்பிக்கும் படத்துக்கு, முதல் முறை வரைந்து இடைவெளிகள் அமைந்ததும் ‘செட்_லேஅவுட்_எஞ்ஜின்’ செயற்கூறுக்கு ‘நன்’ என்ற சரத்தைக் கொடுத்து அந்தக் கணக்கை நிறுத்திவிடலாம்.

லேடெக் வழியே எழுத்துகளை அமைக்கும் ‘யூஸ்டெக்ஸ்’ வசதி, ஒவ்வொரு புதிய சரத்துக்கும் வெளி நிரலை ஓட்டுகிறது. ஒருமுறை அமைத்த சரத்தைச் சேமித்து வைத்துக்கொள்ளும் என்பதால் அச்சிட்டு வெளியிடுவதற்கான படங்களில் அது தொல்லை தராது; அளவுக்குறிகளின் எண்கள் மாறிக்கொண்டே இருக்கும் அசைபடத்தில் அதைப் பயன்படுத்துவது வீண் வேலை.

இவை எவையும் இல்லை என்றால், எந்த ஆர்ட்டிஸ்ட் நேரத்தை எடுக்கிறது என்று நேரடியாகவே கேட்டுவிடலாம். ஏஜிஜி பேக்எண்டில் படத்தை ஒருமுறை வரைந்தபின், கேன்வாஸின் ‘கெட்_ரெண்டரர்’ தரும் பொருளை எடுத்துக்கொண்டு, படத்தில் ஒரு வரைபடப் பகுதியைக் குறிக்கும் பொருளான ஆக்ஸிஸின் ‘கெட்_சில்ட்ரன்’ பட்டியலில் உள்ள ஒவ்வொன்றின் ‘டிரா’வையும் அந்த ரெண்டரருடன் அழைத்து, ஒவ்வொன்றுக்கும் ஆன நேரத்தை வகைப் பெயருடன் அச்சிடுங்கள். ஐந்து வரி லூப்தான். பட்டியலில் ஒரே ஒரு பொருள் பெரும் பங்கு நேரத்தை எடுத்தால் அதோடு தேடல் முடிந்தது. மாறாக, ஒவ்வொன்றும் மில்லிவினாடிக்கும் குறைவாக எடுத்து, ஆனால் பல்லாயிரம் கோட்டுப் பொருள்கள் இருந்தால், அவற்றை ஒரே ‘லைன்கலெக்ஷன்’ பொருளாகத் திரட்டுவதே தீர்வு. ஒவ்வொரு பொருளுக்கும் பைத்தானில் ஆகும் முன்னேற்பாட்டுச் செலவு ஒரே ஒருமுறைச் செலவாகிவிடும்.

பிக்சல் நிரப்புவதில் தாமதம் என்றால்

இங்கே அறியவேண்டியது, நீண்ட கோடுகளுக்கு மேட்பிளாட்லிப் ஏற்கெனவே இரண்டு குறுக்குவழிகளை வைத்திருக்கிறது என்பதும், நம்மை அறியாமலே நாம் அவற்றை அடைத்துவிடக்கூடும் என்பதும்.

முதல் குறுக்குவழி பாதை எளிமையாக்கம். ஏறக்குறைய ஒரே திசையில் போகும் துண்டுகளை, கண்ணுக்கு வேறுபாடு தெரியாத அளவில் ஒன்றாக இணைத்துவிட்டு ஏஜிஜியிடம் கொடுக்கும். ‘பாத்.சிம்ப்ளிஃபை’ என்ற அமைப்பு இயல்பாகவே இயங்குநிலையில் இருக்கும். எவ்வளவு விலகலைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பதைச் சொல்லும் ‘பாத்.சிம்ப்ளிஃபை_த்ரெஷோல்ட்’, ஒரு பிக்சலில் ஒன்பதில் ஒரு பங்கு. குறைந்தது 128 புள்ளிகள் உள்ள, வளைகோட்டுக் கட்டளைகள் கலக்காத பாதைகளுக்கே இது பொருந்தும். உள்ளே நிறம் நிரப்பும் வடிவங்களுக்கு இது கிடையாது. ஆகவே ஒரு கோடாக வரைந்தபோது வேகமாக வந்த அதே பத்து லட்சம் புள்ளிகள், ‘ஃபில்_பிட்வீன்’ ஆக மாற்றியதும் இழுக்கத் தொடங்கும். கோட்டில் இடப்படும் மார்க்கர்களையும் இது குறைக்காது. அதற்கு ‘மார்க்எவ்ரி’ அளவுருவை நாமே கொடுக்கவேண்டும்.

இரண்டாவது குறுக்குவழி, பெரிதாக்கிப் பார்க்கும்போது தெரியும் பகுதிக்கு வெளியே உள்ள புள்ளிகளை அப்படியே விட்டுவிடுவது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட புள்ளிகள் உள்ள கோட்டில், கிடை மதிப்புகள் ஏறுவரிசையில் அமைந்து, கிடை அச்சு நேரியல் அளவில் இருந்து, ‘மார்க்எவ்ரி’ கொடுக்கப்படாமலும் இருந்தால்தான் இது வேலை செய்யும். கோட்டின் ஒரு சிறு பகுதியைப் பெரிதாக்கியும் வேகம் கூடவில்லை என்றால், நேர முத்திரைகள் வரிசை குலைந்து வந்திருக்கின்றனவா, அச்சு மடக்கை அளவுக்கு மாறியிருக்கிறதா என்று பாருங்கள். பல சென்சார்களின் பதிவுகளை ஒன்றாக ஒட்டிய கோப்புகளில் நேரம் ஓரிடத்தில் பின்னோக்கிப் போயிருப்பது சாதாரணம். ஒருமுறை வரிசைப்படுத்தினாலே போதும்.

இரைச்சல் மிகுந்த மிக நீண்ட கோட்டில் எளிமையாக்கமும் அதிகம் உதவாதபோது, ‘ஏஜிஜி.பாத்.சங்க்சைஸ்’ அமைப்பைப் பயன்படுத்தவேண்டும். ஏஜிஜி ஒரு பாதை தொடும் எல்லாப் பிக்சல் கட்டங்களையும் முதலில் திரட்டி வரிசைப்படுத்திவிட்டுத்தான் நிரப்புகிறது. பாதை நீண்டு, தன்மேலேயே பலமுறை ஏறி இறங்கினால் அந்தத் திரட்டு மிகவும் பருத்துவிடும். எல்லை மீறும்போது, கட்ட வரம்பு தாண்டிவிட்டது, இந்த அமைப்பை மாற்று என்று பிழைச் செய்தியே வரும். இயல்பு மதிப்பு 0, அதாவது துண்டாக்குவதில்லை. 10000 என்று வைத்தால் பாதை அந்த அளவுத் துண்டுகளாக வரையப்படும். 100 அல்லது அதற்கும் குறைவாக வைத்தால் பயனில்லை. ஒளிபுகும் நிறத்தில் வரைந்த கோட்டில் துண்டுகள் சேருமிடம் சற்று அழுத்தமாகத் தெரியக்கூடும் என்பது இதற்கு நாம் கொடுக்கும் விலை. எளிமையாக்க வரம்பை 1 பிக்சலாகவும் துண்டளவை 10000 ஆகவும் ஒரே அழைப்பில் மாற்றும் ‘ஃபாஸ்ட்’ என்ற ஸ்டைல் லைப்ரரியிலேயே இருக்கிறது. முதலில் அதைப் போட்டு அளந்து பார்ப்பது நல்ல சோதனை. நேரம் குறைந்தால் சிக்கல் கோட்டுப் பாதையில்தான் என்பதும் உறுதியாகிவிடும்.

இதற்குப் பிறகும் போதவில்லை என்றால் தரவைக் குறைப்பதுதான் வழி. இரண்டாயிரம் பிக்சல் அகலமுள்ள படத்தில் பத்து லட்சம் புள்ளிகளை வரைந்தால், ஒவ்வொரு பிக்சல் நெடுவரிசையிலும் ஐந்நூறு புள்ளிகள் நெருக்கியடிக்கின்றன. நூறுக்கு ஒன்று என்று எடுத்து வரைவது எளிது. ஆனால் ஒரே ஒரு புள்ளியில் எழுந்து விழும் உச்சம் அதில் காணாமல்போகும். அதிர்வுப் பதிவிலோ இதயத் துடிப்புப் பதிவிலோ நாம் தேடுவதே அந்த உச்சத்தைத்தான். எனவே ஒவ்வொரு நெடுவரிசைக்கும் உரிய புள்ளிகளில் சிறுமத்தையும் பெருமத்தையும் எடுத்து வரையுங்கள். படத்தின் தோற்றம் பெரிதும் மாறாது.

புள்ளிப் படங்களில், எல்லாப் புள்ளிகளும் ஒரே அளவு, ஒரே நிறம் என்றால் ஏஜிஜி ஒரு மார்க்கரை மட்டும் கணக்கிட்டுவிட்டு மற்ற இடங்களில் அதையே பதித்துச் செல்லும். ‘பிளாட்’ செயற்கூறின் மார்க்கர்களுக்கு இது எப்போதும் கிடைக்கும். ‘ஸ்காட்டர்’ செயற்கூறுக்கு அளவும் நிறமும் மாறாதபோது மட்டும் கிடைக்கும். நிறம் மாறும் லட்சம் புள்ளிகள் உண்மையிலேயே தேவையா, அல்லது ‘ஹெக்ஸ்பின்’ போன்ற அடர்த்திப் படம் இன்னும் தெளிவாகச் சொல்லுமா என்று இந்த இடத்தில் கேட்டுக்கொள்வது நல்லது. புள்ளிகள் ஒன்றையொன்று மறைக்கும் அளவுக்கு நெருங்கியபின் அந்தப் படத்திலிருந்து படிப்பதற்கு ஒன்றும் மிஞ்சுவதில்லை.

கட்ட வடிவத் தரவில் ‘பிகலர்’ ஒவ்வொரு கட்டத்தையும் தனிப் பலகோணமாக வரைகிறது. ‘பிகலர்மெஷ்’ அதைவிட வேகமானது. சம இடைவெளிக் கட்டங்களுக்கு ‘இம்ஷோ’ இரண்டையும்விட வேகமானது.

திரைக்குப் போகும் வழியில் தாமதம் என்றால்

6.4-க்கு-4.8 அங்குல அளவும் 100 டிபிஐயும் கொண்ட இயல்பான ஃபிகரில் 640-க்கு-480, அதாவது 3,07,200 பிக்சல்கள். ஒரு பிக்சலுக்கு 4 பைட் என்றால் ஒரு சட்டகம் ஏறத்தாழ 1.2 மெகாபைட். உள்ளூர்க் கணினியில் இது ஒரு பொருட்டே இல்லை. ஆனால் தொலைவிலுள்ள சர்வரில் நிரலை ஓட்டி, தொலை இணைப்பு வசதியான எஸ்எஸ்ஹெச்சின் எக்ஸ்11 வழியாகச் சன்னலை நம் திரையில் திறந்தால், இந்த 1.2 மெகாபைட் ஒவ்வொரு முறையும் வலையைக் கடக்கவேண்டும். நொடிக்கு 10 மெகாபிட் இணைப்பில், சுருக்கம் இல்லாமல் ஒரு சட்டகத்துக்கே ஒரு வினாடி ஆகிவிடும். சன்னலைப் பெரிதாக்கினால் நிலை இன்னும் மோசம். க்யூடியா டிகேயா என்ற கேள்விக்கு இங்கே இடமே இல்லை. தரவை உள்ளூருக்கு எடுத்து வருவது, அல்லது வெப் ஏஜிஜி, ஐபிஒய்எம்பிஎல் போன்ற உலாவிவழிப் பேக்எண்டைப் பயன்படுத்துவதே வழி. அவை பிக்சல்களைப் பிஎன்ஜியாகச் சுருக்கி, கூடியவரை மாறிய பிக்சல்களை மட்டும் அனுப்புகின்றன. சுருக்குவதற்குச் சற்று நேரம் பிடித்தாலும் மெதுவான இணைப்பில் அது லாபம்தான்.

ஜூபிட்டர் நோட்புக்கின் இன்லைன் பேக்எண்ட் வேறு வகை. அது படத்தைச் சேமிக்கும்போது இயல்பாகவே ‘பிபாக்ஸ்_இன்ச்சஸ்’ அளவுருவை ‘டைட்’ என்று வைத்திருக்கிறது. ஓரங்களை ஒட்ட வெட்டுவதற்காக எல்லா ஆர்ட்டிஸ்டுகளின் எல்லைகளையும் அளக்கவேண்டியிருப்பதால் முதல் கட்டத்தின் வேலை கிட்டத்தட்ட மறுபடி நடக்கிறது. நிரலாக ஓட்டும்போது வேகமாகவும் நோட்புக்கில் மெதுவாகவும் வரும் படங்களுக்கு இதை முதலில் சந்தேகிக்கலாம். ‘சேவ்ஃபிக்’ செயற்கூறில் இதே அளவுருவைக் கொடுப்பவர்களுக்கும் இது பொருந்தும். சேமிப்பதே மெதுவாக இருந்தால் டிபிஐயையும் பாருங்கள்: 100இலிருந்து 300க்குப் போனால் பிக்சல்கள் ஒன்பது மடங்கு. பிடிஎஃப், எஸ்விஜி கோப்புகளில் லட்சக்கணக்கான புள்ளிகள் இருந்தால், வரைபவரைவிடத் திறந்து பார்ப்பவர்தான் தவிப்பார். அந்த ஆர்ட்டிஸ்டுக்கு மட்டும் ‘ராஸ்டரைஸ்ட்’ என்பதை உண்மை என்று வைத்தால், புள்ளிகள் பிக்சல் படமாகவும் எழுத்துகள் வெக்டராகவும் சேமிக்கப்படும்.

நேரம் போகப்போக மெதுவாகும் படங்கள்

தொடங்கும்போது வேகமாக இருந்து, ஓட ஓடத் தளர்ந்துபோகும் நேரலைப் படங்களில், லூப்பின் ஒவ்வொரு சுற்றிலும் ஆக்ஸிஸின் ‘லைன்ஸ்’ பட்டியலின் நீளத்தை அச்சிடுங்கள். எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால், ஒவ்வொரு சுற்றிலும் ‘பிளாட்’டை அழைத்துப் பழைய கோட்டின் மேல் புதுக் கோட்டை வரைந்துகொண்டிருக்கிறீர்கள். கோட்டை ஒருமுறை உருவாக்கி, பிறகு ‘செட்_டேட்டா’ மூலம் தரவை மட்டும் மாற்றவேண்டும். மறுவரைதலுக்கு ‘டிரா’வுக்குப் பதில் ‘டிரா_ஐடில்’ பயன்படுத்தினால், நெருங்கி வரும் பல கோரிக்கைகள் ஒன்றாக இணைந்துவிடும்.

அப்படியும் வேகம் போதாவிட்டால்தான் பிளிட் முறை. அசையாத பகுதிகளை ஒருமுறை வரைந்து ‘காப்பி_ஃப்ரம்_பிபாக்ஸ்’ மூலம் நகலெடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சுற்றிலும் அந்த நகலை ‘ரிஸ்டோர்_ரீஜன்’ மூலம் மீட்டு, மாறும் கோட்டை மட்டும் ‘டிரா_ஆர்ட்டிஸ்ட்’ மூலம் வரைந்து, ‘பிளிட்’ மூலம் திரைக்கு அனுப்புவது இதன் சாரம். அச்சுகளையும் லேபிள்களையும் மறுபடி வரையாததால் முதல் கட்டச் செலவு பெரும்பாலும் மறைந்துவிடும். அதே காரணத்தால் தரவு எல்லையைத் தாண்டும்போது அச்சின் எண்களும் மாறாது. எல்லையை மாற்றும்போதும் சன்னலின் அளவு மாறும்போதும் முழுதாக வரைந்து புது நகல் எடுக்கவேண்டும். அதற்கு ‘டிரா_ஈவன்ட்’ நிகழ்வில் ஒரு செயற்கூறை இணைத்து வைப்பது உறுதியான வழி. ‘ஃபங்க்அனிமேஷன்’ பயன்படுத்துவோர், அதன் இடைவெளி இயல்பாக 200 மில்லிவினாடி என்பதை மறந்துவிட்டுப் படம் மெதுவாக ஓடுகிறது என்று ரெண்டரரைத் தோண்டிக்கொண்டிருக்கவேண்டாம்.

இன்னும் விளங்காவிட்டால்

எந்தச் செயற்கூறில் எவ்வளவு நேரம் போகிறது என்று அளக்கும் பைத்தான் கருவியான சி-ப்ரொஃபைலைச் சன்னல் இல்லாத ஏஜிஜி ஓட்டத்தில் இயக்கி, முடிவுகளைத் தன்னுள்ளேயே செலவான நேரத்தின்படி வரிசைப்படுத்துங்கள். மேலே ‘டிரா_பாத்’, ‘டிரா_மார்க்கர்ஸ்’, ‘டிரா_பாத்_கலெக்ஷன்’ நின்றால் நேரம் ஏஜிஜிக்குள் போகிறது. மொத்த நேரத்தின்படி வரிசைப்படுத்தும்போது ‘_அப்டேட்_டிக்ஸ்’ ஓங்கி நின்றால் அளவுக்குறிகள். ‘_ஃபைண்ட்_பெஸ்ட்_பொசிஷன்’ என்றால் லெஜண்ட். ‘மேக்_இமேஜ்’ என்றால் படச் சுருக்கம். சி++ பகுதிக்குள் நடப்பது சி-ப்ரொஃபைலுக்கு ஒரே இருட்டுப் பெட்டி. அதற்குள்ளும் பார்க்கவேண்டும் என்றால் பை-ஸ்பை கருவியை ‘நேட்டிவ்’ விருப்பத்துடன் ஓட்டவேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் பிக்சல் நிரப்பும் கட்டமே மிச்சமிருந்து, தரவையும் குறைக்க முடியாது என்றால், அது மேட்பிளாட்லிப்பின் எல்லை. கோடிக்கணக்கான புள்ளிகளின் அடர்த்தியைக் காட்ட டேட்டாஷேடர், கிராஃபிக்ஸ் கார்டைக் கொண்டு வரைய விஸ்பை, நொடிக்குப் பலமுறை மாறும் அலைவடிவங்களுக்குப் பைக்யூடிகிராஃப் என்று வேறு லைப்ரரிகள் இருக்கின்றன. லைப்ரரியின் புதிய பதிப்புக்கு மாறியபின்தான் வேகம் குறைந்தது என்றால், அதை உருவாக்குநர்களிடம் தெரிவியுங்கள்: வெளிக் கோப்பு எதுவும் தேவைப்படாமல் எண் கணக்கு லைப்ரரியான நம்பையின் தற்செயல் எண்களைக் கொண்டே ஓடும் சிறு நிரல், பழைய புதிய பதிப்பு எண்கள், பேக்எண்டின் பெயர், இரண்டு பதிப்புகளிலும் எடுத்த மூன்று அளவுகள் ஆகியவை அதில் இருந்தால், எந்தக் கட்டத்தில் தேடவேண்டும் என்பது அவர்களுக்கு முதல் வாசிப்பிலேயே தெரிந்துவிடும்.